தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பல நாளாக வயிறு சரியில்லையா?

கைக்குழந்தைக்கு ஒருநாள் வயிறு கெட்டால் வீடு பொறுத்துக்கொள்ளும். பத்து நாள், இரண்டு வாரம் என்று இழுத்தால் ஆளுக்கொரு காரணம் வரும். 'பால் சேரல', 'அம்மா குளிர்ச்சியா சாப்பிட்டிருப்பா', 'இது மாந்தம்', 'தொக்கம் விழுந்திருக்கு' என்று பேச்சு வளர்ந்து, கடைசியில் தாய்ப்பாலை நிறுத்திப் பவுடர் பால் கொடுக்கலாம் என்பதில் போய் முடியும். இந்தக் குறிப்புகளை எழுதுவதே அந்த முடிவைத் தடுக்கத்தான். வயிறு கெட்டிருக்கும் குழந்தைக்கு நாம் செய்யக்கூடிய பெரிய கெடுதல், அதன் அம்மாவின் பாலை நிறுத்துவது.

1. முதலில் இது வயிற்றுப்போக்குதானா என்று பாருங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாக, தளர்வாக, கடுகு விதை போன்ற சிறு துணுக்குகளோடுதான் இருக்கும். முதல் சில வாரங்களில் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் வெளிக்குப் போகும் குழந்தைகள் உண்டு. ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவைகூடப் போகும். அது நோயல்ல. குழந்தைக்கு வழக்கமாக இருப்பதிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்பதே கேள்வி. திடீரென எண்ணிக்கை கூடி, துணுக்கு எதுவும் இல்லாமல் தண்ணீராகவே போய், துணியில் ஊறிவிட்டால் அது வயிற்றுப்போக்கு. அப்படி 14 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்தால் மருத்துவர்கள் அதை நீடித்த வயிற்றுப்போக்கு என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு வீட்டு வைத்தியம் போதாது. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை என்றால் 14 நாள்வரை காத்திருக்கவே வேண்டாம். தண்ணீராகப் போகத் தொடங்கிய அன்றே காட்டிவிடுங்கள்.

2. நிறத்தைக் கண்டு கலங்க வேண்டாம். மஞ்சள், இளம்பச்சை, பழுப்பு எல்லாம் சாதாரணமே. மூன்று நிறங்கள் மட்டும் அவசரம்: சிவப்பு, முதல் சில நாட்களுக்குப் பிறகு வரும் தார்க்கருப்பு, சுண்ணாம்பு வெளுப்பு. வெளுத்த மலத்தைப் பலர் கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் காமாலை நீடித்து, மலமும் வெளுத்திருந்தால் ஈரலிலிருந்து பித்தநீர் இறங்கும் குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் நடந்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். 'போகப் போகச் சரியாகும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

3. மலத்தை எண்ணுவதைவிடச் சிறுநீரை எண்ணுவது முக்கியம். பிறந்து ஐந்தாறு நாள் ஆனபின், போதுமான பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாகத் துணியை நனைக்கும். டயப்பர் ஈரத்தை உறிஞ்சி மறைத்துவிடும். அதனால் வயிறு சரியில்லாத நாட்களில் பழைய வேட்டித் துணிக்கு மாறிக்கொள்ளுங்கள். கணக்கும் தெரியும், தோலும் புண்ணாகாது.

4. அடுத்தது எடை. முதல் மூன்று மாதங்களில் குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். எடை ஒழுங்காக ஏறி, முகம் பார்த்துச் சிரித்து, ஆர்வமாகப் பால் குடிக்கும் குழந்தை அடிக்கடி வெளிக்குப் போனாலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. எடை நின்றுவிட்டாலோ இறங்கினாலோ மலம் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் காரணம் தேட வேண்டும். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடை பார்ப்பார்கள். வாரம் ஒருமுறை ஒரே தராசில், துணி இல்லாமல் பார்த்து எழுதி வையுங்கள். கையில் தூக்கிப் பார்த்து 'பிள்ளை இளைச்சுப்போச்சு' என்று சொல்லும் கணக்கை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

5. கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வண்டி இல்லையென்றால் 108.

குழந்தை பாலை மறுக்கிறது, அல்லது உறிஞ்சச் சக்தியில்லாமல் துவண்டு கிடக்கிறது. ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது, கண் உள்ளே போய்விட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது. பச்சை நிறத்தில் வாந்தி வருகிறது. மலத்தில் ரத்தம் கலந்து வருகிறது. வயிறு உப்பிக் கல்லாக இருக்கிறது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல்.

இன்னொன்றும் உண்டு. அரை வயதை ஒட்டிய குழந்தை திடீரென வீறிட்டு அழுது கால்களை வயிற்றோடு மடக்குகிறது, சற்று நேரம் அடங்குகிறது, மறுபடி வீறிடுகிறது, இடையில் வெளுத்துப்போகிறது என்றால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருக்கலாம். ஜெல்லி மாதிரி ரத்தமும் சளியும் வெளிவருவது கடைசி அறிகுறி. அதுவரை காத்திருக்கக் கூடாது.

6. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள், இரவிலும் கொடுங்கள். அந்தப் பாலில் தண்ணீர் இருக்கிறது, உப்புச்சத்து இருக்கிறது, கிருமியை எதிர்க்கும் பொருள்கள் இருக்கின்றன. புண்பட்ட குடல் சுவர் வளர உதவும் பொருள்களும் இருக்கின்றன. வேறெந்தப் பாலிலும் இவை இந்தச் சேர்க்கையில் கிடைக்காது. 'பால் குடிச்சதும் போயிடுது, அப்புறம் எதுக்குக் கொடுக்கணும்' என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: வயிற்றுப்போக்கின்போதும் குடித்ததில் பெரும்பகுதியைக் குடல் எடுத்துக்கொள்கிறது. கொடுக்காவிட்டால் குழந்தை தண்ணீருக்கும் சத்துக்கும் சேர்த்துப் பட்டினி கிடக்கும்.

7. அம்மாவுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தாலும் பால் கொடுக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கொடுத்தால் போதும்.

8. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். இதன் அருமையை நம் நாட்டில் உரக்கச் சொல்லிக் காட்டியவர் திலீப் மஹலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்களில் கரைத்து வாய்வழியாகவே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே வந்தது. இன்று அரசு மருந்தகத்தில் கிடைக்கும் பொட்டலம் அதே வழியில் வந்ததுதான்.

கரைப்பதில் பிழை வரக் கூடாது. ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுவதுமாக, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு தம்ளர் என்று கண்ணளவில் போட்டால் உப்பு கூடிப்போகும், அது ஆபத்து. 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் உண்டு, கைக்குழந்தைக்கு அதுதான் வசதி. கரைத்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். இரண்டு மாதம் கடந்த குழந்தைக்கு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போனதும் 50 முதல் 100 மில்லிவரை கொடுக்கலாம். அதற்கும் சின்னக் குழந்தை என்றால் ஐந்து தேக்கரண்டி. பாலாடையிலோ கரண்டியிலோ கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு இன்னும் மெதுவாகத் தொடருங்கள். இடையிடையே தாய்ப்பால். ஆறு மாதத்துக்கு முன் வெறும் தண்ணீர் வேண்டாம் என்ற விதி, இந்தக் கரைசலைத் தடுப்பதில்லை.

கடையில் அட்டை டப்பாவில் பழச்சுவையோடு விற்ற இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கிய வீடுகள் ஏராளம். அவற்றில் சர்க்கரை மிக அதிகம், பேதி இன்னும் கூடும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் அந்தச் சொல்லே வரக் கூடாது என்று உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று அச்சிட்ட பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள். குளுக்கோஸ் பவுடர் இதற்கு மாற்று ஆகாது.

9. கூடவே ஜிங்க் என்கிற துத்தநாக மாத்திரையோ சிரப்போ எழுதித் தருவார்கள். இரண்டு முதல் ஆறு மாதம்வரை நாளுக்கு 10 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், மொத்தம் 14 நாள். மாத்திரையைக் கொஞ்சம் தாய்ப்பாலைப் பீய்ச்சி அதில் கரைத்துக் கொடுக்கலாம். மூன்றாம் நாளே பேதி நின்றுவிட்டால் பல வீடுகளில் மாத்திரையும் நின்றுவிடுகிறது. 14 நாளும் கொடுத்து முடியுங்கள். அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு மறுபடி பேதி வராமல் காப்பதில் அந்த மீதி நாட்களுக்கும் பங்கு உண்டு.

10. பேதியை நிறுத்தப் பெரியவர்கள் போடும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. குடல் அசைவு நின்று வயிறு உப்பும், குழந்தை மயங்கிவிடும். போன தடவை எழுதித் தந்த ஆன்டிபயாடிக் பாட்டிலில் மீதி இருக்கிறதே என்று ஊற்றுவதும் அப்படித்தான். ஆன்டிபயாடிக்கே வயிற்றைக் கெடுப்பதும் உண்டு.

11. குழந்தை நன்றாக எடை போடுகிறது, ஆனால் பச்சையாக நுரைத்து, சத்தத்தோடு பீய்ச்சிப் போகிறது, வாயுவால் நெளிகிறது. அம்மாவுக்கோ பால் தாராளமாகச் சுரக்கிறது, வாய் வைத்ததும் குழந்தை திணறுகிறது. இப்படியென்றால் ஒரு பக்கம் முழுதாகக் குடித்து முடிப்பதற்குள் பக்கம் மாற்றிவிடுகிறீர்களோ என்று பாருங்கள். முதலில் வரும் பால் நீர்த்து, சர்க்கரை மிகுந்து, வேகமாகக் குடலைக் கடக்கும். போகப் போகக் கொழுப்பு கூடும். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடத்தில் மாற்றாமல், குழந்தை தானாக விடும்வரை ஒரே பக்கம் கொடுங்கள். சாய்ந்து படுத்தபடி கொடுத்தால் பால் பாயும் வேகம் குறையும். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் இந்த முறையை நீங்களாகவே கையாள வேண்டாம்.

12. கிருமியால் வந்த பேதி ஓய்ந்த பிறகும் புளித்த வாடையோடு, நுரையோடு, ஆசனவாயைப் புண்ணாக்கிக்கொண்டு சில வாரம் போகலாம். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலின் மேல் பரப்பில் இருக்கிறது. பேதியில் அந்தப் பரப்பு தேய்ந்துவிடும். திரும்ப வளர நாள் பிடிக்கும். இதைக் கேட்டதும் 'பால் ஒத்துக்கலைன்னு டாக்டரே சொல்லிட்டார்' என்று தாய்ப்பாலை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலான குழந்தைகள் தாய்ப்பால் குடித்துக்கொண்டே தேறிவிடுகின்றன. அம்மா பால், தயிர் சாப்பிடுவதை நிறுத்துவதால் இதில் எந்தப் பயனும் இல்லை. தாய்ப்பாலில் உள்ள சர்க்கரை மார்பிலேயே உருவாவது, அவர் என்ன சாப்பிட்டாலும் மாறாது.

13. அம்மாவின் சாப்பாடு உண்மையிலேயே காரணமாகும் இடம் ஒன்று இருக்கிறது. நன்றாக வளரும் குழந்தையின் மலத்தில் சளியும், நூல் நூலாக ரத்தமும், உடனே மருத்துவரிடம் காட்டிய பிறகும், வாரக்கணக்கில் வந்தால், அம்மா சாப்பிடும் மாட்டுப்பாலின் புரதம் தாய்ப்பால் வழியே போய்க் குழந்தைக்கு ஒவ்வாமையாகலாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று மூன்று வேளையும் பால் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குழந்தை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, இரண்டு முதல் நான்கு வாரம் பால் சம்பந்தப்பட்டவை அனைத்தையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். காபி, டீயில் விடும் பால், தயிர், மோர், நெய், பன்னீர், பால்கோவா மட்டுமல்ல, ஊட்டச்சத்து பானப் பவுடர், பிஸ்கெட், பிரட் ஆகியவற்றிலும் பால் பவுடர் இருக்கும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். எருமைப்பால், ஆட்டுப்பால் மாற்று ஆகா, அவற்றின் புரதமும் அதே மாதிரியானதே. குழந்தை தேறியதும் மறுபடி பால் சாப்பிட்டுப் பார்த்து, ரத்தம் திரும்புகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். தேவையில்லாமல் ஒரு வருடம் பால் இல்லாமல் இருப்பது அம்மாவுக்குக் கெடுதல். பாலை நிறுத்தியிருக்கும் நாட்களில் கால்சியம் மாத்திரையும், கேழ்வரகு, எள்ளு, நெத்திலி, கீரையும் விட்டுப்போகாமல் சேரட்டும்.

14. மற்றபடி பத்தியம் என்ற பெயரில் அம்மாவைப் பட்டினி போட வேண்டாம். கத்திரிக்காய், தக்காளி, மாம்பழம், பருப்பு, முட்டை, தண்ணீர் என்று ஒவ்வொன்றாக விலக்கி, ரசம் சோறும் சுட்ட பூண்டும் மட்டும் போட்டால் அவர் உடம்பு என்ன ஆகும்? கார உணவு சாப்பிட்டால் பால் காரமாவதில்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பால் குளிர்வதுமில்லை.

15. உரை மருந்து பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று கல்லில் இழைத்து நாக்கில் தடவும் பாட்டிகளின் அன்பில் குறையில்லை. மருந்தில்தான் கவலை. இழைக்கும் அளவு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக, அதை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968இலேயே தடை செய்தது. ஜாதிக்காய் மயக்கும். மருந்து கொடுத்ததும் குழந்தை தூங்குவதைக் 'கேட்டுடுச்சு' என்று நினைத்துவிடுகிறோம். கல்லும் கையும் சுத்தமில்லையென்றால் மருந்தோடு கிருமியும் போகும். தேனில் குழைத்துக் கொடுப்பது இன்னும் கூடாது. ஒரு வயது ஆகும்வரை தேனே வேண்டாம், நரம்பைத் தாக்கும் நச்சுக் கிருமியின் வித்து அதில் இருக்கலாம். கழுதைப்பால், விளக்கெண்ணெய், ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர் இவையும் ஆறு மாதத்துக்கு முன் தேவையில்லை. கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பாட்டி கையால் ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால், அவருக்குச் செய்ய நல்ல வேலை இருக்கிறது. இரண்டு பாலுக்கு நடுவே, வெதுவெதுப்பான கையில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டு, தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாக நீவிவிடலாம். காலை மடக்கிச் சைக்கிள் ஓட்டுவதுபோல் அசைத்துவிடலாம். அமுக்கக் கூடாது. மூக்கில் எண்ணெய் விடவே கூடாது.

16. வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வயிற்றை உறிஞ்சி எடுப்பதாகக் காட்டும் எதுவும் குழந்தையின் குடலிலிருந்து வந்ததல்ல. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் வயிற்றில் சிக்க அப்பளமும் தலைமுடியும் எங்கே இருக்கிறது? அங்கே கழியும் அரை நாளில் தண்ணீர்ச்சத்து இன்னும் வற்றும்.

17. பேதி இல்லை, ஆனால் சாயங்காலமானால் இரண்டு மூன்று மணி நேரம் அழுகிறது, முகம் சிவந்து வாயு விடுகிறது என்றால் அது வேறு கதை. இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, மார்போடு அணைத்து நடப்பது, தூளியில் மெதுவாக ஆட்டுவது இவையே மருந்து. பகல் முழுக்கப் பார்த்துக் களைத்த அம்மாவிடமிருந்து அந்த நேரத்தில் குழந்தையை அப்பாவோ அத்தையோ வாங்கிக்கொள்ளட்டும். ஆத்திரத்தில் குலுக்கிவிடக் கூடாது, மூளையில் ரத்தம் கசியும்.

18. ஆறு வாரத்துக்குப் பிறகு சில குழந்தைகள் நான்கைந்து நாள், ஒரு வாரம்கூட வெளிக்குப் போகாமல் இருக்கும். வயிறு மென்மையாக இருந்து, போகும்போது இளக்கமாகப் போனால் அது மலச்சிக்கல் அல்ல. வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதையும் ஆசனவாயில் வைக்காதீர்கள். பிறந்து முதல் இரண்டு நாளுக்குள் மலம் போகாத குழந்தைக்குப் பிறகும் இப்படி இருந்தால் மட்டும் அதைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.

19. அடிக்கடி போவதால் ஆசனவாயைச் சுற்றிப் புண்ணானால், அந்த இடத்தைச் சோப்பில்லாமல் தண்ணீரால் கழுவி, ஒற்றி எடுத்து, காற்றாட விட்டுத் தேங்காய் எண்ணெயோ ஜிங்க் களிம்போ தடவுங்கள். பவுடர் வேண்டாம்.

20. பால் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். ரப்பர் காம்பின் இடுக்கில் ஒட்டிய பாலை எப்படிக் கழுவினாலும் முழுதாகப் போக்க முடியாது. பீய்ச்சிய பாலுக்குப் பாலாடையும் சங்கும் நம் வீட்டிலேயே இருக்கின்றன, கொதிநீரில் போட்டு எடுக்க எளிதானவை. குழந்தையின் மலம் கழுவிய பிறகும், பால் கொடுக்கும் முன்பும் சோப்பால் கை கழுவுவது அம்மாவுக்கு மட்டுமல்ல, தூக்கிக் கொஞ்ச வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

21. பல் முளைப்பதால் பேதி வருகிறது என்று விட்டுவிடாதீர்கள். பல் வரும் வயதில்தான் குழந்தை தவழ்ந்து கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறது, புது உணவும் தொடங்குகிறது. பேதி அந்த வழியாக வருகிறது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு குழைந்த சோறும் பருப்பும், தயிர் சோறு, மசித்த வாழைப்பழம், இட்லி இவற்றைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் சேர்த்தால் நல்லது. நீர்த்த கஞ்சி மட்டும் கொடுத்து வாரக்கணக்கில் வைத்திருந்தால் பேதி நின்றாலும் குழந்தை எழும்பாது. குணமான பிறகு இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்.

22. மருத்துவரிடம் போகும்போது துணியோடோ டயப்பரோடோ மலத்தை எடுத்துச் செல்லுங்கள், குறைந்தது போனில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளாக, நாளுக்கு எத்தனை தடவை, சிறுநீர் எத்தனை, எடைக் கணக்கு, கொடுத்த மருந்துகள், அம்மா சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை சொன்னால் 'பேதிக்கு எதுக்கு யூரின் டெஸ்ட்' என்று மறுக்காதீர்கள். கைக்குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்றும் காதுத் தொற்றும்கூடப் பேதியாக வெளிப்படும்.

23. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் 6, 10, 14ஆவது வாரங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். லேசான வயிற்றுக் கோளாறு இருக்கிறது என்பதற்காக அதைத் தள்ளிப்போடத் தேவையில்லை. கடுமையான பேதி என்றால் மட்டும் தேறியதும் கொடுப்பார்கள். தேதி தவறியிருந்தாலும் குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்பே முதல் தவணையைத் தொடங்கலாம். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் இந்த வாரமே கேளுங்கள்.